வெளிறிய வரிசை

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் கூண்டறைக் கதவைத் திறந்தால் தரையெல்லாம் இறகு. செம்மார்புச் சிட்டுகள் உதிர்க்கத் தொடங்கிவிட்டன. ஓர் இறகு என் டீயில் விழுந்தது. எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன். மூன்று வருடத்தில் இதையெல்லாம் பார்க்கும் நிலையைத் தாண்டியாயிற்று.

மூன்று வருடமாகக் கேள்வி ஒன்றுதான். மறைந்து பிழைக்க வேண்டிய இத்தனூண்டு உயிர், பருந்துக்கு விலாசம் எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொண்டது போல் ஏன் இப்படிச் சிவந்து திரிகிறது? பெட்டைக்காக என்பது பொதுவான பதில். இந்தச் சிவப்பைச் சிட்டின் உடம்பு தானாக உண்டாக்காது. தின்பதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே நன்றாகச் சிவந்தவன் என்றால் நன்றாகத் தேடித் தின்றவன். பெட்டை அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க, தலைமுறை தலைமுறையாகச் சிவப்பு ஏறிக்கொண்டே வந்தது என்கிறார்கள். அது சரிதானா என்று பார்ப்பதுதான் இந்தப் பறவை ஆய்வு நிலையத்தில் என் வேலை. பன்னிரண்டு ஆண் சிட்டுகளுக்குச் சிவப்புச் சத்து கலந்த தீனி. எதிர் வரிசையில் பன்னிரண்டுக்கு வெறும் தானியம். இறகு முளைக்கும்போது தின்றதுதான் நிறம். முளைத்து முடிந்தால் நகம் மாதிரி அது செத்த பொருள். இனப்பெருக்கக் காலத்தில் பெட்டைகளை விட்டு, யாரிடம் போகின்றன என்று பார்க்க வேண்டும்.

முதல் வருடம் எலி வந்தது. இரண்டாம் வருடம் கூரை ஒழுகியது. இந்த வருடமும் முடிவு வராவிட்டால் மார்ச்சுக்கு மேல் என் வேலை நீடிக்காது. இயக்குநர் மிகவும் அன்பாகச் சொன்னார். அவர் அன்பாகச் சொன்னால்தான் எனக்குப் பயம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அக்கா வந்துவிட்டாள். இரண்டு பெட்டி, ஒரு ஹேர் டிரையர்.

"எத்தனை நாள்னு மட்டும் கேக்காத" என்றாள். நான் வாயே திறக்கவில்லை.

அக்கா அழகு நிலையம் நடத்துகிறாள். அத்தானுக்கு டிரைவிங் ஸ்கூல். இருபத்திரண்டு வருடக் குடித்தனம். போன வாரம் தன் தலைமுடிக்குத் தானே செம்பழுப்புச் சாயம் போட்டுக்கொண்டாளாம்.

"தபால்காரர் நின்னு பார்த்துட்டுப் போறாரு. எதிர்வீட்டு நாய் யாரோன்னு நெனச்சுக் குலைக்குது. உங்க அத்தான் எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துட்டு, 'உப்பு கொஞ்சம் கம்மி'ங்கறாரு."

"ரொம்ப நல்லா இருக்குக்கா, கலர்."

"இப்ப சொல்லு. நான் புலம்பினதுக்கப்புறம் சொல்லு. எல்லாரும் ஒரே அச்சு."

என் கட்டில் போயிற்று. சோபாவில் படுத்து எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீட்டில் உட்கார்ந்து போனையே முறைத்துக்கொண்டிருக்கிறாளே என்று அக்காவைக் கூண்டறைக்கு அழைத்துப் போனேன். தொழில்காரியின் பார்வை. ஆய்வு நிலையத்தின் வேறு பறவைகளையும் ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். நீலக்குருவியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்த நீலத்துக்கு என்ன சாயம்டா?"

"அதுல சாயமே இல்லக்கா. இறகோட நுண்ணிய அமைப்புல வெளிச்சம் பட்டுச் சிதறுது, நீலம் மட்டும் நம்ம கண்ணுக்கு வருது."

"அரைச்சா?"

"பழுப்புப் பொடிதான் வரும்."

"இந்த வேலையை நான் செஞ்சா ஏமாத்துக்காரின்னு சொல்வீங்க" என்றாள்.

பிறகு என் சிட்டுகளிடம் வந்தாள். இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஆரஞ்சும் சிவப்புமாக முளைக்கத் தொடங்கியிருக்கிறது. இந்தப் பக்கம் காய்ந்த வைக்கோல்.

"இதுங்களுக்கு மட்டும் ஏன் வெறும் தவிடு?"

"தவிடு இல்ல. தானியம். அப்பத்தான் வித்தியாசம் தெரியும்."

"அதுங்களுக்கும் தெரியுமில்ல, எதிர்ல இருக்கறவன் என்ன திங்கறான்னு."

அக்காவை வெளியே அழைத்து வந்து கதவைப் பூட்டினேன்.

ஆகஸ்ட் 13, புதன்

அடுத்த சில வாரம் காலை நேரமெல்லாம் எனக்கு ஆய்வுக் கூட்டங்கள். தண்ணீர் மாற்ற ஆள் இல்லை. அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டேன். அவளுக்கும் பொழுது போகும்.

"தண்ணி மட்டும்" என்றேன்.

"தண்ணி மட்டும்" என்றாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஃப்ரிட்ஜில் சிவப்புக் குடைமிளகாயும் கேரட்டும் தவிர வேறெதுவும் இல்லை. கேட்டால், தோலுக்கு நல்லது என்கிறாள். யாருடைய தோலுக்கு என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அக்காவுக்குக் கடைவாய்ப் பல். முகம் ஒரு பக்கம் பன் மாதிரி உப்பிவிட்டது. பல் டாக்டரிடம் போய் வந்து, ஐஸ் பையை வைத்துக்கொண்டு படுத்துக் கிடக்கிறாள். பேச முடியாததால் வீட்டில் ஓர் அமைதி. அனுபவிக்கக் கூடாது, ஆனால் அனுபவிக்கிறேன்.

நானே போய்த் தண்ணீர் மாற்றினேன். ஓர் ஆச்சரியம். நான் உள்ளே நுழைந்ததும் வெளிறிய வரிசை முழுவதும் கம்பியோரம் வந்து நின்று என் கைகளையே பார்த்தன. மூன்று வருடத்தில் இவ்வளவு பாசமாக என்னை ஒரு பறவையும் பார்த்ததில்லை. கண் கலங்கியதில் மார்பைக் கவனிக்கவும் தோன்றவில்லை. பிறகு என்ன நினைத்தனவோ, எல்லாம் ஒன்றாக முதுகைத் திருப்பிக்கொண்டன.

ஆகஸ்ட் 30, சனி

பல்லைப் பிடுங்கியாயிற்று. அக்கா மறுபடியும் கூண்டறைக்குப் போகிறாள். அமைதி முடிந்தது.

அத்தான் போன் செய்தார், எனக்கு. "நல்லா இருக்காளா?" என்றார். "பல்லு எடுத்தாங்க" என்றேன். "எந்தப் பக்கம்?" என்றார். "இடது." "சரி" என்று வைத்துவிட்டார். என்ன மனிதரோ.

செப்டம்பர் 5, வெள்ளி

மெதுவாக எழுத வேண்டும்.

மூன்று வாரத்துக்குப் பிறகு இன்றுதான் பறவைகளைக் கையில் எடுத்து மார்பைப் பார்த்தேன். வெளிறிய வரிசை வெளிறவில்லை. சிவந்திருக்கிறது. ஒன்றிரண்டு இல்லை, பன்னிரண்டும்!

தீனிப் பையைச் சோதித்தேன். வெறும் தானியம். தண்ணீர் சோதித்தேன். குழாய்த் தண்ணீர். அப்படியானால்? எந்தச் சிட்டும் செய்யாததை இவை செய்கின்றனவா? தின்னாமலேயே, தன் உடம்புக்குள்ளேயே சிவப்பை உண்டாக்குகின்றனவா? பரிணாமம் என் கூண்டுக்குள், என் கண்முன்னால், நான் கூட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது—

வீட்டுக்கு ஓடி வந்து அக்காவைப் பிடித்துச் சுற்றினேன். "அக்கா, அந்த வெளிறின குருவியெல்லாம் சிவந்துடுச்சு!"

"அப்படியா? நல்லதுதானேடா" என்றாள். "நீ சந்தோஷமா இருக்க இல்ல?"

"உலகத்துலயே முதல் தடவைக்கா!"

அக்கா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இயக்குநரிடம் சொன்னேன். உட்காரச் சொல்வதற்கு முன் போனை எடுத்தார். வரும் இருபத்திரண்டாம் தேதி பத்திரிகையாளர் சந்திப்பு. "உங்க பதவிக்காலத்தைப் பத்தியெல்லாம் இனிமே பேச்சே இல்லை" என்றார், அன்பே இல்லாமல். எனக்கு உயிர் வந்தது.

வெளியே வந்தால் நிறமி ஆய்வுக்கூடத்து வேதியியல் அம்மையார் நிற்கிறார். நிலையத்தில் எவருடைய மகிழ்ச்சியையும் நீர்க்கச் செய்வதற்கென்றே சம்பளம் வாங்குபவர்.

"கேள்விப்பட்டேன். கொண்டாடறதுக்கு முன்னாடி எனக்கு நாலு இறகு குடுங்க."

"நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு. அதனாலதான் நாலே நாலு கேக்கறேன். இல்லேன்னா நாப்பது கேட்டிருப்பேன்."

பன்னிரண்டு பறவைகளிலிருந்தும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். வீம்புதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

படம் எடுப்பார்களே என்று அக்காவைத் தலைக்குச் சாயம் போடச் சொன்னேன். வழக்கமாக இதற்குத் துள்ளிக் குதிப்பவள், துக்க வீட்டுக்குப் போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போட்டாள். நடுவில் ஒருமுறை, "ஏண்டா, அந்த மீட்டிங் கண்டிப்பா நடக்கணுமா?" என்றாள். யோசனையில் நேரத்தை விட்டுவிட்டாள். சாயம் ஊறித் தலை காக்கை நிறமாகிவிட்டது. வெயிலில் போனால் லேசாக ஊதா அடிக்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

அம்மையார் கூப்பிட்டனுப்பினார். நுண்ணோக்கியின் அடியில் ஓர் இறகு.

"பாருங்க. இறகு நுனியிலேருந்துதான் முளைக்கும், இல்லையா? நுனி வெளிறல். அப்புறம் ஆரஞ்சு. அப்புறம் பாருங்க, குறுக்கே ஒரு வெளிறின கோடு. அப்புறம் மறுபடி ஆரஞ்சு."

"சரி."

"தானா சிவப்பு உண்டாக்கற பறவைன்னா, நடுவுல எதுக்கு சார் நாலு நாள் லீவு எடுத்துக்கிச்சு?"

அடுத்ததை வைக்கச் சொன்னேன். இன்னொரு இறகு. அதிலும் கோடு. இன்னொன்று. பன்னிரண்டு இறகிலும், கொஞ்சம் மேலே கொஞ்சம் கீழே, அதே அகலத்தில் அதே கோடு.

"பன்னிரண்டும் ஒரே நேரத்துல லீவு" என்றார் அம்மையார். "நிறமியையும் பிரிச்சுப் பார்த்தேன். குடைமிளகாய்."

இறகு ஒரு நாளில் எவ்வளவு வளரும் என்று கணக்குப் போட்டுப் பின்னால் போனோம். ஆகஸ்ட் கடைசி வாரம்.

அக்காவுக்குப் பல்வலி.

கடவுளே. என் அக்காவின் பல்வலி பன்னிரண்டு குருவிகளின் மார்பில் கோடு போட்டிருக்கிறது.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அக்கா சமையலறையில் கேரட் துருவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் துருவியைக் கீழே வைத்தாள்.

"தண்ணி மட்டும்னு சொன்னேனா இல்லையா?"

"தண்ணியும் வச்சேன்டா."

"ஏன்கா? ஏன்?"

"பாவமா இருந்துதுடா! அந்தப் பக்கம் எல்லாம் மாப்பிள்ளை மாதிரி நிக்குது. இந்தப் பக்கம் கேக்க நாதியில்லாம… நான் கடையில ஒருத்தி வெளிறிப்போய் வந்து உக்காந்தா சும்மா அனுப்புவேனா? கொஞ்சூண்டு துருவிப் போட்டேன். என்னமா சாப்பிட்டுதுங்க தெரியுமா! நீ சிவந்துடுச்சுன்னு வந்து குதிச்சியே, எனக்கு அன்னிக்கே பக்குன்னுது. சொல்லலாம்னு வாயெடுத்தேன். நீ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு…"

கத்தணும்னு நெனச்சேன். முடியல. மூணு வருஷம் போச்சு, வேலை போச்சு, திங்கக்கிழமை ஊர் முன்னாடி மானமும் போகப்போகுது — அவ பேசறதைக் கேட்டா சிரிப்பும் வருது, என்ன பண்றது? ரெண்டு பேரும் தரையில உக்காந்து துருவின கேரட்டைச் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் குளிக்கும்போது ஒரு யோசனை வந்தது: பேசாமல் இருந்துவிட்டால்? கோட்டுக்கு ஏதாவது காரணம் சொல்லலாம். பத்து நிமிடம் அந்த யோசனையோடு இருந்தேன். கண்ணாடியில் என் ஊதாத் தலையைப் பார்த்தேன். இதற்குமேல் ஒரு பொய் தாங்காது என்று தோன்றியது.

இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். நான் அதே ஆளாகத்தான் இருந்தேன்.

"டீயும் பிஸ்கட்டும் சொல்லியாச்சே" என்றார்.

"சார்…"

"நாப்பது பேருக்குச் சொல்லியாச்சு."

நாற்காலியில் கொஞ்சம் சரிந்தார். பிறகு, "சந்திப்பை ரத்து பண்ணினா ஏன் ரத்துன்னு கேப்பாங்க. நடக்கட்டும். நீங்களே நடந்ததைச் சொல்லிடுங்க" என்றார். மிகவும் அன்பாகச் சொன்னார்.

செப்டம்பர் 22, திங்கள்

நாற்பது பேருக்கு ஏற்பாடு. வந்தது மூன்று பேர். அதில் ஒருவர் வேறு கூட்டத்துக்கு வழி தவறி வந்தவர். பிஸ்கட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

பறவை தானாகச் சிவப்பை உண்டாக்கியது என்று நம்பினேன், இல்லை, யாரோ ஊட்டினார்கள் என்று சொன்னேன். இறகைத் திரையில் காட்டினேன். ஒரு சிட்டின் மார்பு அது தின்ற நாள் தின்னாத நாள் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கிறது என்றேன். சிவப்பில் பொய் சொல்வது அவ்வளவு கஷ்டம் என்பதால்தான் பெட்டை அதை நம்புகிறதோ என்னவோ என்றேன். பேசப் பேசப் பயம் போய்விட்டது. விசித்திரம்.

"யார் ஊட்டினது?" என்று கேட்டார் ஒரு நிருபர்.

நான் ஏதோ மழுப்ப வாயெடுப்பதற்குள் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. செம்பழுப்புத் தலை.

"நான்தான். கேரட்டு, குடைமிளகாய். வாரம் ஒரு நாள் பீட்ரூட்டும் போட்டேன், அது ஒண்ணும் வேலை செய்யல."

அதன்பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. போகும்போது வழிதவறியவர் மட்டும் அருகில் வந்து, "உங்க தலைக்கு என்ன சார் ஆச்சு?" என்றார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பத்திரிகையில் வந்துவிட்டது. 'குருவிகளுக்கு மேக்கப் போட்ட பெண்மணி.' அரைப் பக்கம் அக்கா. ஓரத்தில் என் காது.

செப்டம்பர் 28, ஞாயிறு

அத்தான் வந்தார். கையில் மடித்த பத்திரிகை. அக்கா கதவைத் திறந்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றுகொண்டாள்.

"குருவியைப் பார்க்கலாமா?" என்றார் என்னிடம்.

மூவரும் போனோம். இரண்டு வரிசைக்கும் நடுவில் அத்தான் நின்றார். இப்படித் திரும்பிப் பார்த்தார். அப்படித் திரும்பிப் பார்த்தார். அதோ பக்கத்தில் பச்சைக் கிளிகளையும் பார்த்தார். ரொம்ப நேரம்.

"இதுல சிவப்பு எது?" என்றார்.

நான் சிரித்தேன். வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று. அக்கா சிரிக்கவில்லை.

"என்ன கேட்டீங்க?"

அத்தான் பத்திரிகையை மடித்தார், பிரித்தார், மடித்தார். "எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. சின்ன வயசுலேருந்தே. எல்லாம் ஒரு மாதிரி… மண்ணு மாதிரி இருக்கும்."

"டிரைவிங் ஸ்கூல் நடத்தறீங்க!"

"மேல எரிஞ்சா நிக்கணும். கீழ எரிஞ்சா போகணும். அதுல என்ன கஷ்டம்?"

"இருபத்திரண்டு வருஷம்!" அக்கா கத்தியதில் கிளிகள் எல்லாம் பறந்தன. "ஒரு வார்த்தை சொன்னீங்களா? கல்யாணத்தன்னிக்கு நான் என்ன கலர் உடுத்தியிருந்தேன்? சொல்லுங்க!"

"மண்ணு மாதிரி."

"மண்ணா?"

"நல்லா இருந்துது" என்றார் அத்தான். "கலர் தெரியாதவன்னு உங்க வீட்டுல சொன்னா, கலர்லயே பிழைக்கற பொண்ணை எனக்குக் குடுப்பாங்களா?"

அக்கா வாயைத் திறந்து மூடினாள். நான் பார்த்தவரையில் இது முதல் தடவை. அத்தான் மெதுவாகக் கேட்டார்: "இடது பக்கம் இன்னும் வலிக்குதா?"

நான் தண்ணீர் மாற்றுகிறேன் என்று நகர்ந்துவிட்டேன். சற்று முன்தான் மாற்றியிருந்தேன்.

அக்டோபர் 1, புதன்

அக்கா போய்விட்டாள். ஹேர் டிரையரை மறந்துவிட்டாள். கட்டில் எனக்கே. தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

வேதியியல் அம்மையார் மதிய உணவு மேசைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். அப்படி அவர் செய்ததில்லை.

"அந்தக் கோட்டை யோசிச்சுக்கிட்டே இருக்கேன். தீனி நின்ன மறுநாளே இறகுல தெரிஞ்சிருக்கு. திரும்ப ஆரம்பிச்ச மறுநாளே சிவப்பு திரும்பியிருக்கு. இவ்வளவு சுத்தமா யாராவது அளந்திருக்காங்களா?"

"நாம அளக்கல. பல்லு வலிச்சுது."

"காரணம் எதுவா இருந்தா என்ன? எழுதுவோம். உங்க அக்கா பேரையும் போடணும். தீனி திட்டம் அவங்களோடது."

திட்டம்!

நவம்பர் 17, திங்கள்

கட்டுரையைப் படித்துவிட்டு இயக்குநர் இன்னும் ஒரு வருடம் நீட்டித்தார். சிடுசிடுவென்று சொன்னார். நிம்மதி.

பிப்ரவரி 12, வியாழன்

எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டைகளை விட்டுப் பார்த்தோம். இரண்டு பக்கமும் சிவப்பு, தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. பெட்டைகள் இரண்டு நாள் குழம்பிவிட்டு, தீனிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தானோ அவனிடம் போய்விட்டன. அம்மையார் சிரித்து இன்றுதான் பார்த்தேன். சத்தம் போட்டுச் சிரிக்கிறார்.

அடுத்த உதிர்காலத்துக்கு முறையாகத் திட்டம் போட்டிருக்கிறோம். சாவி இரண்டு மட்டும். ஒன்று அவரிடம்.

மார்ச் 9, திங்கள்

கட்டுரை அச்சுக்குப் போகிறது. பிழைதிருத்தப் பிரதி வந்தது. பெயர்களின் கீழே பணியிடம் போட வேண்டும். எனக்கும் அம்மையாருக்கும் 'ஆய்வு நிலையம்'. அக்காவுக்கு 'அழகு நிலையம்' என்று எழுதி அனுப்பியிருந்தோம். அச்சுப்பிழை என்று நினைத்து, அதையும் 'ஆய்வு நிலையம்' என்று திருத்திவிட்டார்கள்.

அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் ஹேர் டிரையர் சத்தம். புதிது வாங்கிவிட்டாள் போலிருக்கிறது.

"அக்கா, அப்படியே விட்டுடலாமா? கௌரவமாத்தான் இருக்கு."

"யாருக்குக் கௌரவம்? ஒழுங்கா அழகுன்னே மாத்தச் சொல்லு. இருபத்தஞ்சு வருஷமா நிக்கற போர்டு." போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ ஏதோ கேட்டாள். தூரத்தில் அத்தானின் குரல் நிதானமாக ஏதோ சொன்னது. இருவரும் சிரித்தார்கள். அத்தான் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"டேய், இருக்கியா? உங்க அத்தான் சொல்றாரு, கீழ இன்னொரு வரி சேக்கணுமாம்."

"என்ன வரி?"

"'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.'"

சேர்த்து அனுப்பிவிட்டேன். அம்மையாரும் கையெழுத்துப் போட்டார்.